சுற்றறிக்கையில் நாற்பத்தாறு கையெழுத்து

அஸ்தம்பட்டி, சேலம்
14.6.2025

மதிப்பிற்குரிய அமுதவல்லி மேடம் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. போனில் பத்தொன்பது முறை கூப்பிட்டுவிட்டேன். முதல் நான்கு முறை மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை. நீங்கள் என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டீர்கள் என்று புரிந்துகொள்ள எனக்கு மேலும் பதினைந்து முறை தேவைப்பட்டது. எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவனின் மூளை அவ்வளவுதான். அதனால் தபாலாபீஸுக்குப் போய்க் கவர் வாங்கிவந்து எழுதுகிறேன். கடிதம் எழுதி எத்தனை வருஷமாயிற்றோ, ஆரம்பிக்கவே அரைமணி நேரம் ஆனது.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அஸ்தம்பட்டியில் மாடிவீடு. கிருத்திகாவுக்கு வீடு பிடிக்கவில்லை, பையன் தர்ஷனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று இயற்பியல் சிவக்குமார் சார்தான் யாரிடமோ சொல்லி, அவர் மூலமாக எனக்கு வந்தது. சிவக்குமார் சாரும் என்னிடம் பேசுவதில்லை.

மேடம், அந்த மார்ச் ஆறாம் தேதி சர்க்குலர் நோட்டை நான் எடுத்துவந்தது தற்செயல். அட்டெண்டர் காளியப்பன் அண்ணன் அன்று லீவு. துறைத்தலைவர் பொறுப்பில் இருந்ததால் ஆபீஸில் என் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது தாளில் என்ன இருந்தது என்று உங்களைப் போலவே நானும் பார்க்கவில்லை. பதினோரு வருஷம் ஒரே மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவர்கள் நாம். இதையாவது நீங்கள் நம்ப வேண்டும்.

உங்கள் மகள் நிலா பாப்பா இப்போது கடைசி வருஷம்தானே? கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாதேஷ்


புதுச்சத்திரம்
21.6.2025

திரு. மாதேஷ் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. போனில் பேச மாட்டேன். வாய்ப்பேச்சில் நாங்கள் பட்டது போதும். தாளாளர் எட்டு மாதமும் வாயால்தான் சம்பளம் கொடுத்தார். நீங்கள் என்ன சொல்வதானாலும் எழுத்தில் சொல்லுங்கள், பதில் எழுதுகிறேன்.

காளியப்பன் அண்ணன் அன்று லீவில் இல்லை. காலையில் கேட் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே வரும்போது, "வெயில் இப்பவே காயுதுங்க மேடம்" என்றார். பொய் எழுதுவதென்றால் அதற்கு இவ்வளவு தபால்செலவு எதற்கு?

நீங்கள் மறந்த மாதிரி நடிப்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போன வருஷம் ஜூலையிலிருந்து இந்த வருஷம் பிப்ரவரி வரை எட்டு மாதம் நாற்பத்தாறு பேருக்குச் சம்பளம் இல்லை. முதலில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். காலேஜ் பஸ் டிரைவர் மனு கொடுக்கலாம், கூட்டிப் பெருக்கும் ஆராயி அக்கா கொடுக்கலாம், ஆசிரியர்கள் சட்டப்படி தொழிலாளர் கணக்கில் வரமாட்டார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வெளியே ஆராயி அக்கா என்னிடம், "ஏனுங்க மேடம், எங்களுக்கு இருக்கறதுகூட உங்களுக்கு இல்லீங்களா?" என்று கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. பிப்ரவரியில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். அது விசாரணைக்குக் கோட்டாட்சியரிடம் வந்தது. ஏப்ரலில் அந்த விசாரணையில் நிர்வாகத்து வக்கீல் ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். பிப்ரவரி வரை ஊதியம் முழுவதும் பெற்றுக்கொண்டோம், நிலுவை ஏதுமில்லை. கீழே நாற்பத்தாறு கையெழுத்து.

நம் கல்லூரியில் சுற்றறிக்கை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பு நடக்கும்போது வாசலில் நோட்டு வந்து நிற்கும். எழுதுவதைப் பாதியில் நிறுத்தி, பெயருக்கு நேராகக் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். யாரும் படிப்பதில்லை. சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் "என்ன சர்க்குலர்?" என்று கேட்டுக்கொள்வோம். அன்றைக்கு மேல்தாளில் தேர்வுப் பணி, அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கீழ்த்தாளில் அதுவும் கையெழுத்துப் போடும் பெயர்ப் பட்டியலும். காளியப்பன் அண்ணன் கொண்டுவந்திருந்தாலாவது சம்பளத் தகராறு நடக்கிற நேரம் என்று யாராவது ஒருவர் புரட்டியிருப்பார். மனு கொடுக்கும்போது என் பக்கத்தில் நின்ற நீங்களே கொண்டுவந்தீர்கள். அதனால் புரட்டவில்லை.

என்ன வாங்கிக்கொண்டு செய்தீர்கள் என்று எழுதினால் மட்டும் அடுத்த கடிதத்துக்குப் பதில் போடுவேன்.

நிலாவை நீங்கள் கேட்டதாக நான் சொல்லவில்லை.

அமுதவல்லி


அஸ்தம்பட்டி
29.6.2025

மேடம்,

சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு நாலாவதாக எழுதுகிறேன்.

பிப்ரவரியிலேயே சேலம் வேலை எனக்கு உறுதியாகியிருந்தது. உங்களிடம் சொல்லவில்லை. அங்கே சேர வேண்டுமென்றால் ஒரிஜினல் சர்டிபிகேட் வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பிஎச்.டி. பட்டம் வரை பதினோரு வருஷமாக நம் ஆபீஸ் பீரோவில் இருந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாருடையதும் அங்கேதானே இருக்கிறது. வெளியே போகிறேன் என்று வாயைத் திறந்தால் மூன்று மாதச் சம்பளம் கட்டு என்பார்கள். வராத சம்பளத்தில் எங்கிருந்து கட்டுவது?

மார்ச் ஐந்தாம் தேதி தாளாளர் கூப்பிட்டார். என் சர்டிபிகேட்டெல்லாம் இருந்த மஞ்சள் கவர் அவர் மேஜைமேல் இருந்தது. அதன்மேல் அவருடைய கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். "சேலத்துல சேரப் போறீங்களாமாம். ரொம்ப சந்தோஷம் தம்பி. நம்ம பசங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கோணும். போறதுக்கு முன்னால ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க" என்றார். எனக்கு இளநீர் கொடுத்தார். எட்டு மாதத்தில் அந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்தது அந்த இளநீர்தான், நான் அதையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

கீழ்த்தாளை முழுவதும் படித்தேன். படித்துவிட்டுத்தான் நோட்டைக் கையில் எடுத்தேன். முதல் கையெழுத்து என்னுடையது. ஷாலினி மேடம், "என்னுங்க சார், நீங்களே வந்துட்டீங்க?" என்று கேட்டார்கள். "நடக்கறதும் உடம்புக்கு நல்லதுதானுங்களே" என்றேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ராத்திரி படுத்தால் அந்தச் சிரிப்புதான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் வகுப்புக்கு வந்தபோது நீங்கள் சாக்பீஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பேனாவை வாங்கினீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே லாரி போவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமே கவரைக் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரித்தாலும் சரி. இங்கே சேர்ந்த முதல் நாளே, "ஒரிஜினலை ஆபீஸ்ல ஒப்படைச்சிருங்க சார்" என்றார்கள். அங்கே வாங்கிய கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இங்கே கொடுத்தேன். மூன்று மாதம் வீட்டில் இருந்தது. கிருத்திகா அதைத் துணி பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறதுங்க. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மாதேஷ்


புதுச்சத்திரம்
8.7.2025

மாதேஷ் சாருக்கு,

படித்தேன். சிரிக்கவில்லை.

உங்கள் கடிதம் என் கையில் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு போய் விசாரணையில் வைத்தால் வேலை முடிந்தது. எந்த வக்கீலைக் கேட்டாலும் அதைத்தான் செய்யச் சொல்வார். உங்களைக் கேட்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதனால் கேட்கிறேன். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நாமக்கல்லில் கோட்டாட்சியர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். நீங்கள் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். சம்பளத்தை வாங்கித் தர அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று அவர் அறிக்கையில் எழுதிவிட்டால் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும். கல்லூரியின் அனுமதிக்கே சிக்கல் வரும் என்று தாளாளர் இறங்கிவருவார். இது எங்களுக்குக் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் எட்டு மாதமும் போனதுதான்.

யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஷாலினி இரவலாக வாங்கிய தையல் மெஷினில் நைட்டி தைக்கிறாள். சிவக்குமார் சார் காலை ஐந்து மணிக்குக் கோழிப்பண்ணைக்குப் போய் முட்டை லோடு ஏற்றுவதை மேற்பார்வை பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். பண்ணை முதலாளி நம்மிடம் படித்த பையன். கூலி ஆட்களுக்கு நடுவில் அவரை "சார் சார்" என்று கூப்பிடுகிறானாம். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் பரவால்லீங்க மேடம், சார்ங்கறப்பத்தான் ஓடி ஒளிஞ்சுக்கலாமாட்ட இருக்குது" என்றார். அவர் மே மாதம் முழுக்க அட்மிஷன் பிடிக்க நோட்டீஸை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "உங்க பையனைச் சேருங்க, நல்ல காலேஜ்ங்க" என்று சொல்ல வேண்டும். சம்பளமே தராத கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார்.

வருவீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள்.

அமுதவல்லி


அஸ்தம்பட்டி
17.7.2025

மேடம்,

என்னால் முடியாதுங்க.

எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வராமல் இருப்பதைவிட இது மேல். இந்தப் பக்கத்துத் தாளாளர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, இல்லாவிட்டால் பங்காளி. நான் நாமக்கல்லில் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் சேலத்தில் தெரிந்துவிடும். எனக்கு இங்கே கொடுப்பது முன்னால் வாங்கியதைவிடக் குறைவு. ஆனால் மாதாமாதம் வருகிறது. ஒன்றாம் தேதி போனில் மெசேஜ் சத்தம் கேட்டால் கிருத்திகா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அந்த முகத்தை மறுபடி பழையபடி ஆக்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்களுக்கு எப்போதும் தைரியம் இருந்தது. கலெக்டர் ஆபீஸில் மனுவை யார் கொடுப்பது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், நீங்கள் முன்னால் போய்க் கொடுத்தீர்கள். உங்களை ஒருத்தரும் விலைக்கு வாங்க முடியாது. எல்லாரும் உங்களைப் போல இருந்துவிட முடியுமாங்க? நான் சாதாரண ஆள். பயந்தவன். அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரு உதவி. நான் போன மாதம் எழுதிய அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? உங்கள் மேல் சந்தேகம் இல்லை. அது வெளியில் இருக்கிறது என்ற நினைப்பில் வகுப்பில் பாடம் மறந்துபோகிறது.

மாதேஷ்


புதுச்சத்திரம்
27.7.2025

மாதேஷ்,

உங்கள் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. எரித்துவிடுங்கள்.

நீங்கள் வர மறுத்ததற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை ஒருத்தரும் விலைக்கு வாங்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான் அந்தத் தாளைப் படித்தேன்.

இருபது வருஷம் விடைத்தாள் திருத்தியவள். எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் விடை என்ன என்றுதான் கண் முதலில் போகும். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றீர்கள் அல்லவா, அப்போது கட்டைவிரலால் மேல்தாளைத் தூக்கிப் பார்த்தேன். "நிலுவை ஏதுமில்லை" என்பது கண்ணில் பட்டது. உங்களைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் முதுகு மட்டும் தெரிந்தது. அங்கேயே "என்ன சார் இது?" என்று சத்தம் போட்டிருந்தால் நாற்பத்தைந்து பேரும் தப்பித்திருப்பார்கள். நீங்களும்தான்.

நிலாவுக்கு நம் கல்லூரியில் ஆசிரியர் பிள்ளை என்று பாதிக் கட்டணம் தள்ளுபடி இருந்தது. மூன்றாம் வருஷத்துத் தள்ளுபடிக் காகிதம் ஜனவரியிலிருந்து கையெழுத்தாகாமல் தாளாளர் மேஜையிலேயே கிடந்தது. கேட்டால், "பாத்துட்டுத்தான் இருக்காருங்க, உங்களையும் சேத்து" என்று ஆபீஸ் மேனேஜர் சொன்னார். அவள் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். அங்கேயும் வேலை ஓடவில்லை. அந்தத் தாளைப் பார்த்த உடனே எனக்கு நிலாவின் காகிதம்தான் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் யாராவது படித்துவிட்டு மறுப்பார்கள், என் ஒரு கையெழுத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்டேன். போட்டுவிட்டுப் போர்டில் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தேன். தப்பில்லாமல் முடித்தேன்.

ஏப்ரலில் வக்கீல் அந்தத் தாளை எடுத்து வைத்தபோது "மோசடி" என்று முதலில் கத்தியது நான்தான். கத்தியவளை யாரும் நீ படித்தாயா என்று கேட்க மாட்டார்கள். பிறகு உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினேன், நாங்கள் புரட்டவில்லை என்று. எவ்வளவு சுலபமாக எழுதினேன்! ஏப்ரல் முப்பதில் என்னை நிறுத்தினார்கள், தள்ளுபடியும் சேர்ந்து போயிற்று. அதனால் நான் தியாகி ஆகிவிட்டேன்.

இப்போது சிக்கல் உங்களுக்கும் புரியும். ஒருத்தர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்றாலே வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். மனு கொடுத்தவளே படித்தாள் என்றால் ஏமாற்று என்ற பேச்சே நிற்காது. நாற்பத்தைந்து பேருடைய எட்டு மாதம் என் ஒரு வாயில் இருக்கிறது. திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு.

உங்களை வரச் சொல்ல இனி எனக்கு முகம் இல்லை.

அமுதா


அஸ்தம்பட்டி
4.8.2025

அமுதாக்கா,

மேடம் என்று எழுதக் கை வரவில்லை. சாப்பிடும்போது கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க விரும்பவில்லை. நான் மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி. மாடிப்படியில் உட்கார்ந்து அதை இன்னொரு முறை படித்தேன், ருசிக்காகப் படிக்கிற மாதிரி. அப்புறம்தான் என்ன மனுஷன் நான் என்று தோன்றியது. நான் செய்த காரியத்தால்தானே அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தது? உங்கள் வகுப்புக்கு நான் வராமல் இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்கும் நான் நினைத்த அமுதாக்காவாகவே இருந்திருப்பீர்கள்.

பன்னிரண்டாம் தேதி வாரேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. யாரும் பார்க்கவில்லை, நான் பார்க்க விடவில்லை என்று நான் சொல்கிறேன். ஏமாற்றியவன் ஒருத்தன், ஏமாந்தவர்கள் நாற்பத்தைந்து பேர். அவ்வளவுதான் கணக்கு. நீங்கள் நடுவில் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டு உண்மையைச் சொன்னால் சிவக்குமார் சார் கடைசிவரைக்கும் முட்டைதான் எண்ண வேண்டும்.

கிருத்திகாவிடம் சொல்லிவிட்டேன். "அந்தக் கவர் மறுபடியும் மாட்டிக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

மாதேஷ்


புதுச்சத்திரம்
20.8.2025

மாதேஷ்,

நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், ஏனென்றால் அது என்னைப் பற்றியது.

"மேல்தாளை மட்டும் மடிச்சுப் புடிச்சுக் காட்டினேனுங்க. கீழ்த்தாளை ஒருத்தரையும் பாக்க விடலை" என்று நீங்கள் சொன்னீர்கள். கோட்டாட்சியர், "நாப்பத்தஞ்சு பேர்ல ஒருத்தர்கூடவா பார்க்கலை?" என்று கேட்டார். "ஒருத்தர்கூட இல்லைங்க" என்றீர்கள். என் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. அவர் திரும்பினார். "நீங்கதானேம்மா முதல் மனுதாரர். நீங்க பார்த்தீங்களா?"

பேசாமல் இருந்தால் போதும் என்றுதான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அவர் என்னைக் கேட்பார் என்று நாம் இரண்டு பேருமே நினைக்கவில்லை. "இல்லைங்க சார்" என்றேன். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. கிளார்க் எழுதிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் சிவக்குமார் சார் உங்கள் சட்டையைப் பிடித்தபோது நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். "கூட உக்காந்து தின்னுட்டு இந்தப் பொழப்பு பொழைச்சியேடா" என்று அவர் சொன்னது கேட்டது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். ஷாலினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பிடித்திருந்ததால்தான் உங்கள் பக்கம் வர முடியவில்லை என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இறுக்கிப் பிடிக்கவில்லை.

நேற்று நிர்வாகம் பேச்சுக்குக் கூப்பிட்டது. நான்கு பேர் போனோம். எட்டு மாதச் சம்பளத்தையும் மூன்று தவணையில் தருகிறார்கள், நவம்பருக்குள். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதி வாங்கினோம். நீங்கள் இல்லாவிட்டால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

உங்கள் வேலை எப்படி இருக்கிறது?

அமுதா


அஸ்தம்பட்டி
3.9.2025

அக்கா,

நல்ல செய்தி. மூன்று தவணையையும் மறக்காமல் வாங்குங்கள். அந்த ஆள் இரண்டாவதில் இளநீர் கொடுத்துச் சமாளிக்கப் பார்ப்பார்.

வேலை இல்லை. பதினாலாம் தேதி காலையில் கூப்பிட்டார்கள். பரவாயில்லை, இரண்டு நாள் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. நடுவில் விட்டுப் போவதால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால் கவர் கிடைக்குமாம். "நீங்கதானேங்க போகச் சொல்றீங்க?" என்றேன். இப்போது ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பையன்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே சர்டிபிகேட்டே கேட்கவில்லை. அது ஒரு நிம்மதி.

சிவக்குமார் சார் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பட்டன் ஒன்று போயிற்று, கிருத்திகா தைத்துவிட்டாள். தர்ஷன் மட்டும், "யாருப்பா இழுத்தாங்க?" என்று கேட்டான். பஸ்ஸில் மாட்டிக்கொண்டது என்றேன்.

நீங்கள் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு அந்த எண்ணம் வரும் என்று எனக்குத் தெரியும். பணம் முழுசாக வரட்டும்.

மாதேஷ்


புதுச்சத்திரம்
23.11.2025

மாதேஷ்,

மூன்றாவது தவணை பதினாலாம் தேதி எல்லார் கணக்கிலும் ஏறிவிட்டது. மற்ற நாற்பத்து நான்கு பேரிடமும் போன் செய்து கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மை சொல்லும் தைரியம் வந்தது. பணம் பத்திரமானதும் வருகிற தைரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேலை போனது ஷாலினி மூலமாக எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் இரக்கப்படவில்லை. சிவக்குமார் சார், "நல்லா வேணும்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. இன்று மத்தியானம் அவர் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். வடை, கேசரி, டீ எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். இனிமேல் தனித்தனியாகப் போய் நிற்கக் கூடாது, மாவட்டத்தில் உள்ள தனியார் கல்லூரி ஆசிரியர்களை எல்லாம் சேர்த்து ஒரு சங்கம் பதிவு செய்ய வேண்டும் என்று பேசினார்கள். தலைவராக என் பெயரைச் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்து நின்று சொன்னேன். "நீங்க நினைக்கறாட்ட இல்லைங்க. மார்ச்சுல நான் அந்தத் தாளைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில பொய் சொன்னேன். மாதேஷ் சார் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரு." நாலு வாக்கியம்தான். காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

ஷாலினி எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "பாத்தீங்களா, அந்தாளுக்கு வேலை போச்சுன்னு மேடத்துக்கு மனசு கேக்கலை. பழியத் தூக்கித் தம்மேல போட்டுக்கறாங்க" என்றாள். சிவக்குமார் சாருக்கும் கண் கலங்கியிருந்தது. "உங்களாட்ட யாருக்குங்க மேடம் வரும்? ஆனா அவனுக்கு நீங்க முட்டுக் குடுக்கக் கூடாதுங்க. அவன் அதுக்கு லாயக்கில்லை" என்றார். மறுபடியும் கை தட்டினார்கள். முன்னைவிட அதிகமாகத் தட்டினார்கள்.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

உட்கார்ந்து டீயைக் குடித்தேன்.

அமுதா